தறிகளுக்கிடையே மனிதர்: பணியாளர் நிர்வாகத்தில் அளவீட்டின் இடம்

நெசவாலை ஒன்றின் கணக்கேடுகளைப் புரட்டினால், வந்த பஞ்சு எவ்வளவு, ஓடிய நூல் எவ்வளவு, ஒவ்வொரு தறியும் எத்தனை மணி நேரம் இயங்கியது, நின்ற நேரம் எவ்வளவு என்பனவெல்லாம் ஐயத்திற்கிடமின்றிக் காணப்படும். அத்தறிகளிடையே நடமாடும் மனிதரைப் பற்றியோ வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் மாத்திரமே இருக்கும். இவ்விரண்டும் ஆட்களுக்கு ஆகும் செலவைக் கூறுமேயன்றி, வேலை எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே தடைப்படுகிறது, எத்தனை பேர் உண்மையில் தேவை என்னும் வினாக்களுக்கு விடை கூறமாட்டா. ஆலையைப் பற்றிய இக்கூற்று, கிராம சுகாதார நிலையத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் வேளாண்மை விரிவாக்க அலுவலகத்திற்கும் சிறிதும் குறையாமல் பொருந்தும்.

மனித வளம் என இன்று வழங்கப்படும் துறையில் அளவீட்டையும் பகுப்பாய்வையும் கையாண்டு, வருங்காலத் திட்டங்களுக்கு அடிப்படை தேட வேண்டும் என்னும் கருத்து பெரிதும் வற்புறுத்தப்படுகிறது. கணிப்பொறிகள் பெருகிய காலத்தில் தோன்றிய புதுமை இது எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், இத்துறையின் மிகச் சிறந்த சோதனைகளுள் ஒன்று நம் நாட்டிலேயே, 1953ஆம் ஆண்டில், அகமதாபாத் நகரத்தில் நிகழ்ந்தது. அதற்குப் பயன்பட்ட கருவிகள் காகிதமும் பென்சிலும் ஆலையின் அன்றாடக் கணக்கும்தாம்.

அகமதாபாத் தறிக் கூடம்

அந்நகரில் ஜவுளித் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சிச் சங்கம் 1947இல் நிறுவப்பெற்றது. அட்டிரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கத்தை உருவாக்கியவர் விக்ரம் சாராபாய். நூலின் வலிமையையும் பஞ்சின் தன்மையையும் ஆராய்வதற்கு அங்கு ஆய்வுக்கூடங்கள் அமைந்ததோடு, தொழிலாளரின் மனநிலையையும் வேலைச் சூழலையும் ஆராய்வதற்கும் ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அப்பிரிவை நடத்தியவர் உளவியல் அறிஞர் கமலா சௌதரி. ஜவுளித் தொழிலுக்கான ஆராய்ச்சிச் சங்கமொன்று, இயந்திர ஆய்வுக்கு நிகராக மனித உறவுகளின் ஆய்வுக்கும் இடமளித்தமை அக்காலத்தில் எளிதில் எதிர்பார்க்கக்கூடியதன்று.

இதே காலத்தில் காலிகோ ஆலைகளின் தலைவராயிருந்த கௌதம் சாராபாய், லண்டன் நகரத்து டாவிஸ்டாக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவரை ஆலோசகராக அழைத்தார். ரைஸின் முன் வைக்கப்பட்ட புதிர் இதுவே. 1952ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கூடமொன்றில் தானியங்கித் தறிகள் அமைக்கப்பட்டன. சாதாரண விசைத்தறியில் நாடாவிலுள்ள ஊடை நூல் தீர்ந்தவுடன் தறி நிற்கும். நெசவாளர் கையால் மாற்ற வேண்டும். தானியங்கித் தறியிலோ பக்கத்தில் பொருத்தப்பட்ட பாட்டரி என்னும் சுழல் அடுக்கிலிருந்து புது ஊடை தானே வந்து சேரும். ஆகவே ஒரு நெசவாளர் பல தறிகளைக் கவனிக்க முடியும். உற்பத்தியும் உயரும் என்று எதிர்பார்த்தனர். எனினும், பெரும் பொருட்செலவில் வந்த அத்தறிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உற்பத்தி பழைய அளவிலேயே நின்றது. பழுதுபட்ட துணியும் குறையவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். அக்கூடத்தில் அளவீடு செய்யப்படாமல் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பொறியியலார் கடிகாரங்கொண்டு கணித்து, அதற்கேற்பவே ஆட்களை நியமித்திருந்தனர். 224 தறிகளுக்கு 29 தொழிலாளர். அவர்களுக்குப் 12 வகை வேலைகள். நெசவாளர் 8 பேர். பாட்டரியில் ஊடை நிரப்புவோர் 5 பேர். பாவு நூல் கூட்டமாக அறுந்துபோகும்போது அதனைச் சீர்செய்வோர் 3 பேர். இவர்களைத் தவிர ஜாபர்கள், அவர்தம் உதவியாளர்கள், துணி எடுத்துச் செல்வோர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர், கூடத்தின் ஈரப்பதத்தைக் காப்பவர் எனப் பலர். தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு கணக்கும் சரியானதே.

ரைஸ் அந்த 29 பேரையும் ஒருங்கே நோக்கினார். 8 நெசவாளருக்கு ஊடை நிரப்புவோர் 5 பேர் என்றால், ஒரு நெசவாளருக்குக் கிடைப்பது எட்டில் ஐந்து பங்கு மனிதர்! பாவு சீர்செய்பவரில் அவருக்கு எட்டில் மூன்று பங்கு. காகிதத்தில் இப்பின்னங்கள் அழகாகக் கூடுகின்றன. கூடத்திலோ எட்டில் மூன்று பங்கு மனிதர் என ஒருவர் இல்லை. ஒரு தறியில் பாவு அறுந்தால், சீர்செய்பவர் அப்பொழுது எந்த வரிசையில் யாருடைய தறியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அத்தறி மீண்டும் ஓடும். யார் யாருக்காக வேலை செய்கிறார் என்பது நாழிகைக்கு நாழிகை மாறிற்று. நெய்யும் துணியின் ரகம் மாறினாலோ இடர்ப்பாடு பெருகும். பருமனான ஊடை விரைவில் தீருமாதலால் நிரப்புபவரின் வேலை மிகும். நூல் அடிக்கடி அறுந்தால் நெசவாளரின் வேலை மிகும். ஒருவர் ஓய்ந்திருக்க மற்றொருவர் திணறுவார்; ஓய்ந்திருப்பவர் உதவிக்கு வருதல் தம் வேலையன்று என்று கருதுவார். அவ்வாறு கருதுவதில் அவர்மீது குற்றமில்லை. அவருடைய கூலியும் பதவிப் பெயரும் அப்படித்தான் வகுக்கப்பட்டிருந்தன.

அளந்தவை வேலைகள்; அளக்காமல் விட்டது அவ்வேலைகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் தன்மை. இதனைக் கண்ட ரைஸ், ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு தொகுதித் தொழிலாளர் என்னும் அமைப்பை முன்வைத்தார். 64 தறிகளை 7 பேர் கொண்ட குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஊடை நிரப்புதல், அறுந்த நூல் முடிதல், சிறு பழுது பார்த்தல் ஆகிய யாவும் அக்குழுவின் பொறுப்பு. யார் எதைச் செய்வதென்பதை அவர்களே முடிவு செய்துகொள்வர். இக்கருத்தை மேற்பார்வையாளரும் தொழிலாளரும் வியக்கத்தக்க விரைவில் பற்றிக்கொண்டனர். குழுவில் யார் யார் சேருவதென்பதையும் தொழிலாளரே தம்முள் பேசி வகுத்துக்கொண்டனர். கூடத்தின் சிக்கலை அவர்கள் நாள்தோறும் அனுபவித்தவர்களாதலின், அதற்கு நெடிய விளக்கம் தேவைப்படவில்லை போலும்.

பலனை அறிய ரைஸ் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டார். முதலாவது, திறன். ஒரு ஷிப்டு முழுவதும் தறி இடையறாது ஓடியிருந்தால் எத்தனை முறை ஊடை குறுக்கே பாய்ந்திருக்குமோ, அதில் உண்மையில் பாய்ந்தது நூற்றுக்கு எவ்வளவு என்பதே அது. இரண்டாவது, சேதம்; நெய்த துணியில் குறையற்றதென ஏற்க இயலாத பகுதி நூற்றுக்கு எவ்வளவு என்பது. புதிய அமைப்புக்கு முன்னர் திறன் சுமார் 80 விழுக்காடு. சேதம் சுமார் 32 விழுக்காடு. குழு முறை நிலைபெற்ற பின்னர் திறன் சுமார் 95 ஆக உயர்ந்தது. சேதம் சுமார் 20 ஆகக் குறைந்தது. தறி அதே தறி, நூல் அதே நூல், மனிதரும் அதே மனிதர்.

இவ்விரு அளவுகளும் சேர்ந்தே எடுக்கப்பட்டமை முக்கியமானது. திறனை மாத்திரம் கணக்கிட்டு அதற்கே பரிசளித்தால், பழுது தெரிந்தும் தறியை ஓடவிடுவது இலாபமாகிவிடும். சேதத்தை மாத்திரம் கணக்கிட்டால், தறியை நிறுத்திவைப்பதே பாதுகாப்பான வழி. ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கக்கூடிய இரண்டு அளவுகள் ஒரே காலத்தில் நன்னிலை அடைந்ததனாலேயே அம்மாறுதல் உண்மையானதென்று கொள்ளப்பட்டது. பள்ளியில் தேர்ச்சி விழுக்காட்டை அளக்கும் இடத்தில், இடையில் நின்றுவிட்ட குழந்தைகளையும் அளக்க வேண்டுவது இதே காரணத்தினால்தான். நலிந்த மாணவர் விலகிவிட்டால் தேர்ச்சி தானே உயர்ந்துவிடுமன்றோ?

பல ஆண்டுகளுக்குப் பின் டாவிஸ்டாக் ஸ்தாபனத்தைச் சேர்ந்த எரிக் மில்லர் அவ்வாலைக்கு மீண்டும் சென்று ஆராய்ந்து, 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓரிடத்தில் குழு முறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருக்க, பிற இடங்களில் பழைய வழக்கங்கள் பெரிதும் திரும்பிவிட்டிருந்தன. தொடர்ந்து கவனிக்கப்படாத அமைப்பு, அது நல்லதென நிறுவப்பட்டதாயினும், தானே நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நீண்ட நேரமும் நிறைந்த வேலையும்

உழைக்கும் நேரத்தைக் கூட்டினால் வேலையும் கூடும் என்னும் நம்பிக்கை மிகப் பழைமையானது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வாரத்திற்கு 70 மணி நேரத்திற்கு மேலும் ஆட்கள் உழைத்தனர். 1915இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் நலக் குழுவுக்காக உடலியல் அறிஞர் ஹெச். எம். வெர்னன் வேலை நேரத்தையும் செய்து முடித்த உருப்படிகளையும் வாரவாரமாகக் குறித்துவந்தார். நேரம் குறைக்கப்பட்டபோது மொத்த உற்பத்தி குறையாததை மட்டுமன்றி, சிற்சில இடங்களில் உயர்ந்ததையும் அவர் கண்டார். அவ்வெண்களை 2014இல் மறுபடியும் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ஜான் பென்காவெல், வாரத்திற்கு ஏறக்குறைய 49 மணி நேரம் வரையில் உற்பத்தி நேரத்திற்கேற்ப உயர்கிறதென்றும், அதற்குமேல் உயர்வு மந்தப்படுகிறதென்றும், 70 மணி நேர உழைப்பின் பலன் 56 மணி நேர உழைப்பின் பலனினின்று அதிகம் வேறுபடவில்லை என்றும் காட்டினார். இடைப்பட்ட 14 மணி நேரம் தொழிலாளருக்குக் களைப்பையும் நிர்வாகத்திற்குக் கூலிச் செலவையும் தந்ததேயன்றி, வேறொன்றையும் பெரிதாகத் தந்ததாகத் தெரியவில்லை.

எத்தனை பேர் தேவை?

வெளியூர்ப் பணியாளருக்கு மேற்கூறியவற்றினும் நெருக்கமானது ஆள் தேவையைப் பற்றிய கணக்கு. இவ்வளவு மக்கட்தொகைக்கு ஒரு செவிலியர் என்று விகிதம் வகுப்பது எளிது. நாடெங்கும் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுவதும் அதுவே. ஆயின் சமவெளியிலுள்ள 5,000 பேரும் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் 5,000 பேரும் ஒரே அளவு வேலையைத் தருவதில்லை. இக்குறையைப் போக்க உலக சுகாதார நிறுவனம் 1998இல் ஒரு முறையை நூலாக வெளியிட்டு, 2010இல் அதனைத் திருத்தியும் அளித்தது. வேலைப் பளுவைக் கொண்டு ஆள் தேவையைக் காணும் அம்முறையை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்கலாம்.

வாரத்திற்கு 6 நாளாக ஆண்டுக்கு 312 வேலை நாட்கள். பண்டிகை விடுமுறை 20, ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 12, பயிற்சி 10 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 240 நாட்கள். நாளொன்றுக்கு 7 மணி நேரம் எனில், ஒரு செவிலியரிடம் ஆண்டொன்றுக்கு உள்ளது 1,680 மணி நேரம். இனி, அந்நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தல் ஆண்டுக்கு 3,000 முறை, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம்: 1,000 மணி. தடுப்பூசி 4,500, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம்: 750 மணி. வீடுகளுக்குச் செல்லுதல் 2,100 முறை, நடை நேரமும் சேர்த்து 40 நிமிடம்: 1,400 மணி. மொத்தம் 3,150 மணி. இதனை 1,680ஆல் வகுத்தால் 1.875 என வரும். இரண்டு செவிலியர் இருந்தால் போதுமெனத் தோன்றும்.

ஆனால் பதிவேடு எழுதுதல், அறிக்கை தயாரித்தல், கூட்டங்களுக்குச் செல்லுதல் ஆகியவற்றில் அவர்களுடைய நேரத்தில் கால் பங்கு செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். மீதி முக்கால் பங்கிலேயே மேற்கண்ட பணிகள் முடிய வேண்டும். 1.875ஐ 0.75ஆல் வகுக்க, தேவை 2.5 ஆகிறது. இருப்பவர் 2 பேராயின், இருப்புக்கும் தேவைக்கும் உள்ள விகிதம் 0.8. பக்கத்து நிலையமொன்றிலும் 2 பேர் உள்ளனர். அங்கே தேவை 1.6 மட்டுமே, விகிதம் 1.25. இரு நிலையங்களையும் சேர்த்து வட்டார அலுவலகம் கணக்கிட்டால் 4.1 பேர் தேவைப்படுமிடத்தில் 4 பேர் உள்ளனர்; குறை எதுவும் தென்படாது! முதல் நிலையத்தின் செவிலியர் மட்டும் ஆண்டு முழுவதும் வீடு செல்லும் நேரத்தைச் சுருக்கியும், பரிசோதனையை அவசரமாக முடித்தும் அக்குறையைத் தம்மளவில் தீர்த்துக்கொண்டிருப்பர்.

இக்கணக்கு இன்னுமொரு வழியையும் காட்டுகிறது. எழுத்து வேலையும் கூட்டங்களும் நேரத்தில் கால் பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்படுமானால், 1.875ஐ 0.9ஆல் வகுக்கத் தேவை ஏறக்குறைய 2.1 ஆகிறது. இருக்கும் இருவரே பெரும்பாலும் போதுமானவர் ஆகின்றனர். அஃதாவது, ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதச் செய்யும் வழக்கத்தை விட்டொழித்தல், புதிதாக அரைச் செவிலியரை நியமிப்பதற்கு ஏறத்தாழ ஈடாகும். புதுப் பதவிக்கு நிதி கேட்டு எழுதுவதற்குமுன் இதனைக் கணித்துப் பார்க்கும் அலுவலகங்கள் அருமை. அளவீட்டின் பெயரால் மேலும் ஒரு பதிவேட்டைச் சேர்க்கும் அலுவலகங்களோ ஏராளம்.

பள்ளியின் கணக்கு சற்று வேறானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முதல் 5 வகுப்புகள் உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரையில் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் என ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே அளவு வகுத்தது. மாவட்டச் சராசரி ஆசிரியருக்கு 30 மாணவர் என்று நன்றாகவே இருக்கக்கூடும். அதனுள் 12 மாணவரைக் கொண்ட ஆசிரியரும் 48 மாணவரைக் கொண்ட ஆசிரியரும் மறைந்திருப்பர். மேலும், 24 குழந்தைகள் 5 வகுப்புகளாகப் பிரிந்து ஒரே ஆசிரியர் முன் அமர்ந்திருக்கும்போது, அவருடைய பளு 24 என்னும் எண்ணால் உணர்த்தப்படுவதில்லை. அச்சட்டமே ஆசிரியரின் வாரப் பணி நேரத்தைப் பாடத்தயாரிப்பு உட்பட 45 மணி என்று குறிப்பிடுகிறது. வகுப்பில் நிற்கும் பாடவேளைகளை மட்டும் கூட்டுபவர், சட்டம் எண்ணிய வேலையில் ஒரு பகுதியை எண்ணாமல் விடுகின்றனர்.

வருகையை அளத்தல்: உதயப்பூரின் இரு சோதனைகள்

வருகையைக் கண்காணித்தாலே யாவும் சீர்படும் என்போர் பலர். ராஜஸ்தானத்தின் உதயப்பூர் மாவட்டத்தில் நிகழ்ந்த இரண்டு ஆய்வுகள் இவ்வகையில் ஒருங்கே படிக்கத்தக்கவை. சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், 2003ஆம் ஆண்டு தொடங்கி எஸ்தர் டஃப்லோ, ரீமா ஹன்னா, ஸ்டீஃபன் ரையன் ஆகியோர் ஒரு சோதனை செய்தனர். சில பள்ளிகளுக்குத் தேதியும் நேரமும் தானே பதியும் புகைப்படக் கருவி கொடுக்கப்பட்டது. காலையிலும் பள்ளி முடியும்போதும் ஆசிரியரையும் குழந்தைகளையும் மாணவர் ஒருவர் படமெடுப்பார். முறைப்படி படம் பதிந்த நாட்களின் எண்ணிக்கைக்கேற்பச் சம்பளம் அமையும். மற்றப் பள்ளிகளில் பழைய முறையே நீடித்தது. கருவியில்லாத பள்ளிகளில் ஆசிரியர் வாராமை 42 விழுக்காடாக இருக்க, கருவியுள்ள பள்ளிகளில் அது 21 ஆயிற்று. பள்ளிக்கு வந்த ஆசிரியர் பாடம் நடத்தும் அளவு குறையவில்லை. குழந்தைகளின் தேர்வு மதிப்பெண்களும் ஓரளவு உயர்ந்தன.

இதே மாவட்டத்தில் 2006இல் அரசு துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு நேரம் பதியும் கருவிகளைக் கொண்டு ஒத்த முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அபிஜித் பானர்ஜி, டஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் ஆகியோர் அதனை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். முதல் சில மாதங்களில் கண்காணிக்கப்பட்ட நாட்களின் வருகை, கண்காணிப்பில்லாத நிலையங்களைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஒன்றரை ஆண்டு நிறைவதற்குள் இரு வகை நிலையங்களுக்கும் வேற்றுமையே இல்லாமற் போயிற்று. கருவி பழுதடைந்ததே இதற்கு முழுக் காரணமன்று. கூட்டம், கணக்கெடுப்பு, பிற பணி எனக் காரணம் காட்டப்பட்டு, நிர்வாகத்தின் இசைவுடன் வருகைப் பதிவிலிருந்து விலக்களிக்கப்பட்ட நாட்கள் நாளடைவில் பெருகிவிட்டன. ஏட்டின்படி வாராத நாட்கள் குறைந்தன. நிலையத்தின் கதவோ முன்போலவே பூட்டிக் கிடந்தது.

அச்செவிலியருடைய நிலையையும் எண்ணிப்பார்த்தல் தகும். கூட்டங்களுக்கும் கணக்கெடுப்புகளுக்கும் அழைக்கப்படும் பணியாளருக்கு நிலையத்தில் இல்லாமை எல்லா நாளும் கடமை தவறுதல் ஆகாது. வருகை மட்டுமே அளக்கப்படுமிடத்தில், ஊர் ஊராக நடந்து தாய்மாரைக் கண்டுவந்த நாளும் வீட்டிலிருந்த நாளும் ஒரே வெற்றிடமாகத் தோன்றும். ஓராசிரியர் பள்ளியில் அளவீடு பலித்ததற்கு, ஆசிரியரின் வேலை நடைபெறும் இடம் பள்ளி ஒன்றே என்பதும், அளவீட்டின்படி சம்பளம் வழங்குவதில் அந்நிறுவனம் தளராது நின்றதும் காரணங்கள்.

சிறிய அளவில் இத்தகைய அளவீட்டைத் தொடங்க விரும்பும் நிலையத் தலைவர்களும் தலைமையாசிரியர்களும் கருவி எதனையும் எதிர்நோக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்த அரைமணியில் செய்த வேலையைப் பணியாளரே குறித்துவரச் செய்யலாம். சாதாரண நாட்களில் ஒரு வாரமும், தடுப்பூசி முகாம் அல்லது தேர்வு போன்ற நெருக்கடி நாட்களில் ஒரு வாரமும் குறித்தால் தொடக்கத்திற்குப் போதும். தாளில் பெயர் எழுதச் சொல்லாதிருப்பது நலம். பெயர் இருக்குமாயின், செய்த வேலைக்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டிய வேலையே கட்டங்களில் நிரம்பும். கூட்டிய எண்களை முதலில் எழுதியவர்களுக்கே காட்ட வேண்டும். மேலலுவலகத்திற்கு அனுப்புதல் அதன் பின்னர். நடை நேரம், காத்திருந்த நேரம், ஒரே விவரத்தை மறுபடியும் எழுதிய நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாகக் கொள்ளுதல் வேண்டும். ‘இதர பணிகள்’ என்னும் தலைப்பில் இவை கலந்துவிட்டால் பின்னர்ப் பிரித்தெடுக்க இயலாது.